மெஷின் தேதி

எங்கள் கொட்டகையில் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று ஊருக்கெல்லாம் உள்ள தேதி. இன்னொன்று மெஷின் தேதி. ஊர்த் தேதி தினமும் நகரும். மெஷின் தேதி நகராது. பல வருடங்களுக்கு முன்னால் வந்துபோன ஒரு செவ்வாய்க்கிழமையிலேயே அது நின்றுகொண்டிருந்தது. தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அக்கா ஈரத்தலையோடு உட்கார்ந்து அந்தச் செவ்வாய்க்கிழமையை அடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

எங்கள் கொட்டகை என்று நான் சொல்வது பழகிய உரிமையில். கொட்டகையும் மெஷினும் அண்ணனுடையவை. அண்ணன், அக்கா என்பதும் கூப்பிட்டுப் பழகியதுதான்; அக்கா அவர் மனைவி. ஓரமாகத் தட்டி வைத்து மறைத்த இடத்தில் நான் கதவுகளுக்குப் பாலிஷ் போடுகிறேன். மெஷின் செதுக்கித் தள்ளும் கதவை உப்புத்தாளால் தேய்த்து, பூவின் இடுக்கில் தங்கிய தூளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்து, மூன்று கை பாலிஷ் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. தட்டிக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் விழும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது காதை எதைக்கொண்டு பொத்துவது?

அண்ணனுக்குத் தெருவில் 'சரியாயிடும்' என்று பெயர். மரம் வெடித்திருந்தாலும் சரியாயிடும் என்பார். மழைக்குக் கதவு உப்பி நிலைக்குள் நுழைய மறுத்தாலும் சரியாயிடும் என்பார். ஒருமுறை இழைப்புளி பட்டு விரல் நுனி போய் ரத்தம் ஒழுக நின்றபோதும் அதையேதான் சொன்னார். விரல் சரியாகவில்லை. அவரும் சொல்வதை விடவில்லை.

கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. அண்ணன், அக்கா, அண்ணனுடைய தங்கை என்று மூன்று பேர். தங்கை கடைவீதியில் இருக்கும் பெரிய கதவுக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். அந்தக் கடை முதலாளிதான் எங்களுக்குப் பெரும்பாலான வேலையைத் தருகிறவர். அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவள் தங்கைதான். அதை மறக்க அவள் யாரையும் விட்டதில்லை.

"அண்ணி, நான் மட்டும் அன்னைக்கு முதலாளிகிட்ட வாயத் திறக்கலன்னா இந்த மெஷின் மேல துணிதான் காஞ்சிருக்கும்" என்பாள்.

"இப்பவும் உன் துணிதான் காயுது, எடு. மெஷினை ஓட்டணும்" என்பாள் அக்கா.

குழாய்த் தண்ணீர், கண்ணாடி, அடுப்படியில் கடைசி முட்டை யாருக்கு என்று நாள் முழுக்க இருவருக்கும் ஏதாவது ஒன்று ஓடும். கேட்டுக் கேட்டு எனக்கு அது ரேடியோ மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் சத்தம் வராவிட்டால்தான் என்னவோ ஏதோ என்று தட்டிக்கு மேலே எட்டிப் பார்ப்பேன்.

மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டில் அளவு இரும்பு மேசை. அதன் மேல் மரத்தைப் படுக்கவைத்துப் பூட்டினால், சுழலும் முனை ஒன்று அப்படியும் இப்படியும் போய்க் கொடி, பூ, பறவை எல்லாம் செதுக்கும். அதை ஆட்டிவைப்பது மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர். செதுக்க வேண்டிய டிசைனைக் கடைக்காரரும் மற்ற தச்சர்களும் பென்டிரைவில் கொண்டுவந்து தருவார்கள். மெஷினோடு வந்தது, மெஷினைவிடப் பழசாகத் தெரிவது. கம்ப்யூட்டரிலிருந்து மெஷினுக்குக் கையகலத்தில் ஒரு வயர் போகிறது. அதைச் சொருகும் வாய் புதுக் கம்ப்யூட்டர்களில் கிடையாது. அதனால் இதை மாற்றவும் வழியில்லை. செதுக்கும் புரோகிராமை எழுதிய கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. அந்தப் புரோகிராமுக்கு ஒரு கெடு வைத்திருந்தார்கள். கெடு தாண்டியதும் அது வாயை மூடிக்கொண்டது.

மெஷின் விற்ற மெக்கானிக்தான் வழி சொன்னார். "தேதியப் பின்னாடி தள்ளி வெச்சுடுங்க. இன்னும் கெடு இருக்குன்னு அது பாட்டுக்கு ஓடும்." சொல்லிவிட்டு அவர் கடல் தாண்டி வேலைக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டருக்குள் இருந்த சின்ன பேட்டரியும் செத்துப்போனதால் ராத்திரி அணைத்தால் காலையில் அதற்குத் தேதியே நினைவிருக்காது. ஆகவே தினமும் யாராவது சொல்ல வேண்டும். அக்கா சொன்னாள்.

ஆனால் அந்தக் குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை ஏன் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். மெக்கானிக் இருந்தவரை அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் என்ற காவலையும் அவரே பார்த்துக்கொண்டார். புதிது புதிதாக வரும் வைரஸ்களின் அடையாளங்களை அவ்வப்போது கொண்டுவந்து ஏற்றுவார். அவர் போனபின் ஏற்ற ஆளில்லை. ஏற்றவில்லை என்று அது சிவப்புப் பெட்டி காட்ட ஆரம்பித்தது. ஒரு நாள் செதுக்கல் நடுவில் பெட்டி வந்து விழுந்து திரை உறைந்துபோய், முனை அதே இடத்தில் நின்று சுற்றி, பெரிய பூ ஒன்றின் நடுவில் குழி தோண்டிவிட்டது. நல்ல தேக்குப் பலகை. அண்ணன் சரியாயிடும் என்றார். பலகை அடுப்புக்குப் போயிற்று.

அன்றைக்கு அக்கா உட்கார்ந்து தேதியை ஒவ்வொரு நாளாகப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமைக்கு வந்ததும் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. மெக்கானிக் கடைசியாக ஏற்றியது அதற்கு முந்தின திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை என்றால் ஆன்டிவைரசுக்கு 'நேற்றுத்தான்' என்று திருப்தி. புரோகிராமுக்கும் கெடு இருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்கு வேறு கிழமையே வரவில்லை.

கதவு எப்போது கிடைக்கும் என்று யாராவது கேட்டால் அண்ணன் நாளைக்கு என்பார். "நம்ம நாளைக்கா, மெஷின் நாளைக்கா?" என்று நான் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு மேல் அதில் ஏதும் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. மரமெல்லாம் ஈரம் குடித்து முறுக்கிக்கொண்டு கிடந்தது. பாலிஷ் காயவில்லை. போட்ட இடமெல்லாம் வெள்ளை பூத்தது. நான் துணியை வைத்துத் துடைப்பதும் திட்டுவதுமாக இருந்தேன். அப்போதுதான் கடை முதலாளியும், மழைக்கோட்டு போட்ட ஒரு கம்ப்யூட்டர்காரரும், பின்னால் குடையில்லாமல் தங்கையும் வந்தார்கள்.

கடையின் கம்ப்யூட்டர்கள் மூன்றும் முந்தின நாள் பூட்டிக்கொண்டுவிட்டன என்று தங்கை சொல்லியிருந்தாள். எந்த ஃபைலும் திறக்கவில்லை. பணம் அனுப்பினால் சாவி தருகிறோம் என்று திரையில் ஒரு அறிவிப்பு மட்டும் நிற்கிறது. வாடிக்கையாளர் கொடுத்த அளவுகள், எந்த வீட்டுக்கு எந்தக் கதவு, எல்லாம் உள்ளே. நகல் எடுத்து வைக்க வேறு டிஸ்க் கேட்டு அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். முதலாளி பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்திருக்கிறார்.

"இவங்க வீட்டுலேர்ந்து வந்த பென்டிரைவைப் போட்டதும்தான் பூட்டிக்கிச்சாம்" என்றார் முதலாளி, தங்கையைக் கையால் காட்டி. அவள் ஏதோ பக்கத்துக் கடைக்காரி போல.

"ஆமா. டிசைன் படமெல்லாம் அண்ணி போட்டுக் குடுத்தாங்க. அதைத்தான் திறந்தேன். வேற எதையும் தொடல" என்றாள் தங்கை.

கம்ப்யூட்டர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். நல்ல பிள்ளைதான். மெஷின் தூள் மேலே விழாமல் அக்கா தைத்துப் போட்டிருந்த உறையைக்கூட மடித்துப் பக்கத்தில் வைத்தார். அண்ணன் அவர் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கடை வேலை போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் அடுப்பு நிற்கும். இதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ரொம்பப் பழசு சார் இது" என்றார் கம்ப்யூட்டர்காரர். "ஆனா ஆன்டிவைரஸ் ஓடிக்கிட்டுதான் இருக்கு. பச்சை காட்டுது. கடைசி அப்டேட்..." குனிந்து பார்த்தார். "நேத்து. நெட்டு இல்லியே, யாரு ஏத்துறாங்க?"

அண்ணனுக்கு உயிர் திரும்பியது. "எல்லாம் என் வீட்டுக்காரிதான் தம்பி. தினம் காலையில வேற வேலை பாக்குறதுக்கு முன்னாடி உக்காந்து முடிச்சுடுவா. காய்ச்சல் வந்தப்பகூட ஒரு நாள் விட்டதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. தேதி அடிப்பதையும் காவல் பார்ப்பதையும் அவர் ஒன்றாகவே நினைத்திருந்தார். திரை ஓரத்தில் மணி மட்டும்தான் தெரியும். தேதி பார்க்க வேண்டுமென்றால் மவுஸ் அம்பை அதன் மேல் கொண்டுபோக வேண்டும். கம்ப்யூட்டர்காரர் கொண்டுபோகவில்லை. முழுசாகத் தேடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கோடு ஒன்று மெதுவாக நிரம்பியது. ஒன்றும் இல்லை என்றது.

"இங்க சுத்தமா இருக்கு சார்."

முதலாளி தங்கையின் பக்கம் திரும்பினார். "கேட்டியா?"

"நான் வேற எதையும் திறக்கல சார்."

அண்ணன் குறுக்கே வந்தார். வந்திருக்க வேண்டாம். "தெரியாம வேற எதையாவது தொட்டிருப்பம்மா. ஒத்துக்கோ. முதலாளி பெரிய மனசு பண்ணுவாரு. சரியாயிடும்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்துத் தொலைத்தேன். பாலிஷ் துணி கையில் ஒட்டிக்கொண்டது.

"தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சுடுவேன். பொய் சொல்றவ கையில கணக்கைக் குடுக்க முடியாது. நாளைக்கு வந்து கடைச் சாவியைக் குடுத்துட்டுப் போ" என்றார் முதலாளி. கம்ப்யூட்டர்காரர் உறையைத் திரும்பப் போட்டுவிட்டு எழுந்தார். இருவரும் மழையில் இறங்கினார்கள்.

அக்கா அவ்வளவு நேரமும் அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

மத்தியானம் சோறும் பருப்பும் அவித்த முட்டையும் செய்திருந்தாள். தங்கையின் தட்டில் இரண்டு முட்டை வைத்து அவள் அறைவாசலுக்குக் கொண்டுபோனாள். சாதாரண நாளாக இருந்தால் அக்கா அவளுக்கு இரண்டு முட்டை வைத்ததே தெருவுக்கெல்லாம் செய்தி. கதவு திறக்கவில்லை.

"சாப்புடு. சோத்து மேல என்ன கோவம்?"

"பசிக்கல அண்ணி. அண்ணனுக்கு வைங்க. அவருக்குத்தான் இன்னைக்கு நல்லாப் பசிக்கும்."

அக்கா தட்டோடு திரும்பி வந்து என் எதிரில் மரக்கட்டை மேல் உட்கார்ந்தாள். அண்ணன் சாப்பிட்டுவிட்டு மெஷினை ஓடவிட்டிருந்தார். முனை மரத்தைக் கடிக்கும் சத்தத்தில் நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது.

"ஏன் தம்பி, போன வருஷம் தண்ணியில கரையிற புதுப் பாலிஷ் ஒண்ணு வந்துச்சே, அது வர்றதுக்கு முன்னாடி உனக்கு அதப் பத்தித் தெரியுமா?"

"வந்தாத்தானே அக்கா தெரியும்?"

"அதான் சொல்றேன். ஒரு காவக்காரனை வேலைக்கு வெச்சு, திங்கட்கிழமை வரைக்கும் இருந்த திருடங்க மூஞ்சியையெல்லாம் அவனுக்குக் காட்டியாச்சு. அதோட சரி. அதுக்கப்புறம் எத்தனை வருஷம்? எத்தனை புதுத் திருடன் பொறந்திருப்பான்? இவனுக்கு யாரைத் தெரியும்? எவன் வந்தாலும் நல்ல மனுசன்தான்னு உள்ள விட்டுட்டுப் பச்சைக் கொடி காட்டுறான்."

"ஆனா நேத்துதான் ஏத்துனதுன்னு அதுவே சொல்லுச்சே அக்கா."

"அது எங்க சொல்லுச்சு? நான்தானே சொல்ல வெச்சேன்" என்றாள். "சிவப்பு வரக்கூடாதுன்னு ஒரே நாள்ல கட்டிப்போட்டேன். அந்தப் பையன் நேத்துன்னு படிச்சான் பாரு, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். "அப்பவே தெரிஞ்சா, ஏன் அக்கா..."

"உங்கண்ணன் மூஞ்சியப் பார்த்தேன். செத்துப்போயிருந்த மூஞ்சிக்கு அப்பதான் உசுரு வந்துச்சு. அதைப் பிடுங்க மனசு வரல." தட்டில் இருந்த முட்டையை விரலால் நகர்த்தினாள். "உங்கிட்ட என்ன மறைக்கிறது? அவளுக்கு ஒரு தடவை இப்படி நடந்தாத்தான் அடங்குவான்னுகூட ஒரு நிமிஷம் தோணுச்சு. ஒரு நிமிஷம்தான். ஆனா தோணுச்சு."

அதைச் சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. எழுந்து போய் அண்ணனிடம் சொன்னாள். மெஷின் சத்தத்தில் முதலில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை உரக்கச் சொன்னபோது எனக்கும் கேட்டது.

"சத்தம் போடாத" என்றார் அண்ணன். "தெருவுக்கே கேக்கும்."

"கேக்கட்டும். திருடன் நம்ம வீட்டுலேர்ந்துதான் போயிருக்கான்."

"கம்ப்யூட்டர் படிச்சவனே சுத்தம்னு சொல்லிட்டான். நீ எதுக்கு நோண்டுற? நுணலும் தன் வாயால கெடும்."

"அந்தப் பையனுக்கு நம்ம மெஷின் தேதி தெரியாது. நமக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சு? போய்ச் சொல்லு. நாளையிலேர்ந்து கடை வேலை வராது. அந்தக் கடை மட்டுமா? பென்டிரைவ் குடுக்குற அத்தனை தச்சனும் ஓடிடுவான். அப்புறம் மூணு பேரும் எதைத் தின்னுறது?"

"அதுக்காக அவளைப் பொய்க்காரின்னு ஊர் சொல்ல விடலாமா?"

"வேற வேலை கிடைக்கும் அவளுக்கு. கொஞ்ச நாள் போனா எல்லாம் சரி..."

"சொல்லாதீங்க" என்றாள் அக்கா. "அந்த வார்த்தைய இன்னைக்குச் சொல்லாதீங்க. நாணயம் கெட்டுப் போனவன்னு பேர் எடுத்தவளுக்கு எவன் கணக்கு வேலை குடுப்பான்? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கலாம். எத்தனை நாளைக்குச் சாப்புடாம உக்காந்திருப்பீங்க?"

அண்ணன் மெஷினை நிறுத்தவில்லை. அது ஒரு பறவையின் இறக்கையைச் செதுக்கிக்கொண்டிருந்தது.

அக்கா நேராகப் போய்த் தங்கையின் கதவைத் தட்டினாள். இந்தமுறை கையில் சோற்றுத் தட்டு இல்லை. என்ன சொன்னாளோ, தங்கை வந்தாள். கண் வீங்கியிருந்தது. அக்கா அவளைத் தன் நாற்காலியில், அந்த மூலையில் உட்கார வைத்தாள். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் அவள் யாரையும் உட்காரவிட்டு நான் பார்த்ததில்லை.

"இன்னைக்கு என்ன தேதி?"

"என்ன அண்ணி இது?"

"சொல்லு. மெஷின் தேதி இல்ல. நம்ம தேதி. அதை அடி."

"அடிக்காத" என்றார் அண்ணன். "மரம் மேசையில இருக்கு."

தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்க்காமலே அடித்தாள். பச்சை போய்ச் சிவப்பு வந்தது. பெட்டி மேல் பெட்டியாக வந்தது. இத்தனை வருடமாகச் சொல்ல விடாமல் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அது ஒரே மூச்சில் சொல்லியது. உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பில் இல்லை. பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படவில்லை. பின்னாலேயே செதுக்கும் புரோகிராமும் தன் கெடு முடிந்ததைக் கண்டுகொண்டது. திரையிலிருந்து மறைந்தது. முனை ஒரு முனகலோடு நின்றது. பறவைக்கு ஒரு இறக்கைதான் வந்திருந்தது.

தகரக் கூரை மேல் மழை விழும் சத்தம் அப்போதுதான் எங்களுக்கெல்லாம் கேட்டது.

தங்கை கெட்டிக்காரி. விளக்க வேண்டியிருக்கவில்லை. சிவப்பைப் படித்தாள், அக்காவைப் பார்த்தாள். "காலையில நிக்கும்போதே உங்களுக்கு இது தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பேசாம நின்னீங்க."

"நின்னேன். தப்புதான். கோவம் தீர என்ன வேணாலும் சொல்லு."

தங்கை தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு பேசியபோது அக்காவிடம் பேசவில்லை. யாரிடமும் இல்லை போல, மெதுவாகச் சொன்னாள்.

"கடைக் கம்ப்யூட்டர் என்னைக் கேட்டுச்சு. இந்த ஃபைலை எனக்குத் தெரியாது, நம்பிக்கையான இடத்துலேர்ந்து வந்ததான்னு. ஆமான்னு அமுக்கினேன். எங்கண்ணன் வீடு, அதைவிட நம்பிக்கையான இடம் எதுன்னு அமுக்கினேன்."

அண்ணன் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் திருப்புளியை எடுத்தார். குனிந்து அந்தக் கையகல வயரைக் கழற்றினார். மின்சார வயரைக் கழற்றினார். கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் தூக்கி, மரத்தை மூடும் பிளாஸ்டிக் தாளில் சுற்றினார்.

"தம்பி, குடையப் பிடி" என்றார் என்னிடம்.

அக்காவும் தங்கையும் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். கடையில் அப்போது வேலையாட்கள் எல்லோரும் இருந்தார்கள். கம்ப்யூட்டர்காரரும் பூட்டிய மூன்று கம்ப்யூட்டர்களோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அண்ணன் பெட்டியை முதலாளியின் மேசைமேல் வைத்தார். தாளில் இருந்த மழைத்தண்ணீர் மேசைக் கண்ணாடியில் ஓடியது. முதலாளி ஃபோனை நகர்த்திக்கொண்டார்.

"முதலாளி, அது என் வீட்டுலேர்ந்துதான் வந்துச்சு."

"காலையில பார்த்தோமேய்யா?"

"காலையில பச்சை காட்டுனது பொய்ப் பச்சை. தேதியப் பின்னாடி தள்ளி வெச்சிருந்தோம். மெஷின் ஓடணும்னு நான் வெச்சேன்." அக்கா 'நான்...' என்று வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "என் கொட்டகை, என் மெஷின், நான் வெச்சேன். என் தங்கச்சி வேற எதையும் தொடல. காலையில உங்க முன்னாடி அவளைத்தான் குத்தம் சொன்னேன். அது தப்பு."

கம்ப்யூட்டர்காரர் அங்கிருந்த ஒரு திரையோடு பெட்டியை இணைத்துத் தன்னிடமிருந்த புது ஆன்டிவைரஸை வைத்துத் தேடினார். கொஞ்ச நேரத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டார். பூட்டிப்போடும் இந்த வைரஸ் இவ்வளவு பழைய கம்ப்யூட்டரில் வேலை செய்யாது, அதனால் இதற்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இதில் போட்ட ஒவ்வொரு பென்டிரைவிலும் ஏறிக்கொண்டு வெளியே போயிருக்கிறது என்றார். காலையில் தேதியைப் பார்க்காதது தன் தவறுதான் என்று அவரும் சொன்னார்.

முதலாளி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் இருக்கிறாரா, யோசனையில் இருக்கிறாரா என்று தெரியவில்லை.

"இவ்வளவும் பண்ணிட்டு வந்து நிக்கிற. என் கணக்கெல்லாம் போச்சு. சொல்லு, இப்ப என்ன ஆகும்? சரியாயிடுமா?"

கடைப் பையன்கள் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வார்த்தையை இந்தக் கடைவீதியில் யார் சொன்னாலும் அண்ணனைக் கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் அர்த்தம். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"சரியாகாது முதலாளி" என்றார் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை.

"போன கணக்கு போனதுதான்னு இந்தத் தம்பியே சொல்றாரு. அதை நான் திருப்பித் தர முடியாது. எனக்கு நீங்க வேலை குடுக்க வேணாம். ஆனா என் தங்கச்சி பொய் சொல்லல. அதை மட்டும் இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

முதலாளிக்கு அது எளிதாக இருக்கவில்லை. தொண்டையைச் செருமினார், ஃபோனை எடுத்தார், வைத்தார். கடைசியில் "சரி, நீ பொய் சொல்லலம்மா. போய் உன் இடத்துல உக்காரு" என்றார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

தங்கை உட்காரவில்லை. "நகல் எடுக்க டிஸ்க் வாங்கிக் குடுத்தா நாளைக்கு வர்றேன் சார்" என்றாள்.

வாங்கிக் கொடுத்தார். அவள் வேலை நிலைத்தது. எங்களுக்குக் கடை வேலை நின்றது. இரண்டும் அவர் பக்கம் நியாயம்தான். அன்று சாயங்காலமே அண்ணன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, பென்டிரைவ் கொடுத்து வாங்கிய தச்சர்கள் ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்து சொன்னார். சிலர் திட்டினார்கள். ஒருவர் பாதியில் வைத்துவிட்டார். திட்டுக்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த நம்பரை எடுத்துக் கொடுத்தாள். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்தாள். தங்கை தன் டம்ளரில் சர்க்கரை பற்றவில்லை என்றாள். இத்தனை வருஷம் பத்துச்சு, இன்னைக்கு என்ன என்றாள் அக்கா. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கம்ப்யூட்டரைக் கம்ப்யூட்டர்காரர் முடிந்தவரை துடைத்துக் கொடுத்தார். இன்னும் எங்கேயாவது ஒளிந்திருக்கலாம், இது வெளியே எதோடும் சேரக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். அண்ணன் ஒரு தேக்குத் துண்டை எடுத்துச் சீவி, பென்டிரைவ் சொருகும் வாய்களுக்கு அளவாக ஆப்பு செய்து பசை வைத்து அடித்தார். நான் அதற்கும் பாலிஷ் போட்டேன். இப்போது டிசைன் வேண்டுமென்றால் காகிதத்தில் வரைந்து கொண்டுவர வேண்டும். அக்கா அதைப் பார்த்துக் கோடு கோடாகத் தானே உள்ளே போடுகிறாள். ஒரு பறவைக்கு ஒரு நாள் ஆகிறது. வேலை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நான் வேறு இரண்டு இடங்களில் பாலிஷ் வேலை பிடித்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமையை அக்கா இன்னும் அடிக்கிறாள். புரோகிராம் ஓட வேறு வழியில்லை. ஆன்டிவைரஸை மட்டும் எடுத்துவிடச் சொல்லிவிட்டாள். காவலில்லாத வீட்டு வாசலில் காவல் உண்டு என்று பலகை எதற்கு என்று கேட்டாள். பச்சை இருந்த மூலை இப்போது வெறுமையாக இருக்கிறது.

போன வாரம் வெளியூர்த் தச்சர் ஒருவர் புது ஆளாக வந்தார். பையில் கைவிட்டுப் பென்டிரைவை எடுத்து நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. ஆப்பைக் காட்டினார்.

"என்னய்யா இது? மெஷின்ல வைரஸ் இருக்கா?"

நான் தட்டிக்கு இந்தப் பக்கம் கையை நிறுத்திக்கொண்டு கேட்டேன். பழைய அண்ணனாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"இருக்கலாம்" என்றார் அண்ணன். "உறுதியாத் தெரியாது. அதனாலதான் அடைச்சு வெச்சிருக்கு."

வந்தவர் ஆப்பைத் தடவிப் பார்த்தார். பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு காகிதமும் பென்சிலும் கேட்டார்.